சர்வர் வாங்கும் முன் பண்டலை எண்ணுங்கள்

2018 மார்ச் கடைசி வாரம். கோயம்புத்தூரில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில், பிரிக்காத அட்டைப்பெட்டிக்குள் சர்வர் உட்கார்ந்திருந்தது. மார்ச் 31க்குள் பில் போட்டு மெஷினை ஓடவும் விட்டுவிட்டால், அந்த ஆண்டுக் கணக்கிலேயே பாதித் தேய்மானம் எழுதிக்கொள்ளலாம் என்று ஆடிட்டர் சொல்லியிருந்தார். ஆக, சர்வர் வந்துவிட்டது. அதில் என்ன போடப் போகிறோம், எவ்வளவு போடப் போகிறோம் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

"நீங்க வந்து சாஃப்ட்வேரை ஏத்திக் குடுத்துட்டீங்கன்னா போதுங்க" என்றார் மேனேஜர்.

இருபது வருடத்துப் பர்ச்சேஸ் ஆர்டர்கள், டெஸ்ட் ரிப்போர்ட்டுகள், டிராயிங்குகள், தொழிலாளர் ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, தேடினால் கிடைக்கும்படி ஓரிடத்தில் வைக்க வேண்டும். யார் திறந்தார்கள், யார் மாற்றினார்கள் என்ற கணக்கும் இருக்க வேண்டும். லைசென்ஸ் செலவு இல்லாததால், ஆவணங்களைச் சேமித்து நிர்வகிக்கும் மென்பொருளான ஆல்ஃப்ரெஸ்கோ கம்யூனிட்டி 5.2 போடுவதாக முடிவு. நானும் "சரிங்க" என்றேன். அந்த ஒரு சரியின் பலனை ஆகஸ்டில் அனுபவித்தேன்.

கொட்டேஷன் கொடுத்தவர் கேட்டிருந்த கேள்வி ஒன்றே ஒன்று: "எத்தனை பேர் யூஸ் பண்ணுவாங்க?" அறுபது பேர் என்று சொல்லியிருக்கிறார்கள். அதை வைத்து 32 ஜிபி ராம், மூன்று 1 டிபி சாட்டா டிஸ்க், அவற்றை இணைத்து ரெய்டு 5 என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மூன்று டிஸ்கில் ஒன்றின் அளவு பாதுகாப்புக்குப் போய்விடும், மிச்சம் 2 டிபி. பார்க்க நல்ல மெஷின்தான்.

ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஸ்கேன் வேலை நடந்தது. ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருந்த ஃபைல்களையும் சேர்த்து, சுமார் 1,40,000 ஆவணங்களை ஏற்றி முடித்தோம். ஜூன் முதல் வாரம் எல்லோருக்கும் லாகின் கொடுத்தாயிற்று. மேனேஜர் ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார்.

ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை காலை போன். "எதை அப்லோடு பண்ணினாலும் எர்ரர் வருதுங்க." சர்வர் நடந்ததை எழுதிவைக்கும் லாகில் பார்த்தால், டிஸ்கில் இடமில்லை என்கிறது. டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் கமாண்ட் போட்டால் 1.8 டிபியில் 600 ஜிபிதான் நிரம்பியிருக்கிறது, மூன்றில் இரண்டு பங்கு காலி. சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன். அதே எர்ரர். பெர்மிஷனைச் சோதித்தேன், கோட்டா இருக்கிறதா என்று பார்த்தேன், பழைய லாகுகளை அழித்தேன். லாகை அழித்ததும் சில ஃபைல்கள் ஏறின, பிறகு மறுபடி நின்றது. அங்கேதான் பொறி தட்டியது. அழித்த இடம் சில எம்பிதான், ஆனால் அழித்த ஃபைல்களின் எண்ணிக்கைக்குச் சமமாகப் புது ஃபைல்கள் ஏறியிருந்தன. டிஎஃப் மைனஸ் ஐ என்று போட்டேன். ஐநோடு 100 சதவீதம்.

ஐநோடு என்பது ஃபைல் சிஸ்டம் (டிஸ்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை) ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் ஒதுக்கும் ஒரு வரி. ரேஷன் கடைப் பதிவேடு மாதிரி. மூட்டை மூட்டையாக அரிசி இருந்தாலும், பதிவேட்டில் எழுத வரி இல்லை என்றால் புதிய கார்டுக்குக் கொடுக்க முடியாது. இந்த டிஸ்கில் இருந்த இஎக்ஸ்டி4 வகை ஃபைல் சிஸ்டத்தில் எத்தனை வரி என்பது ஃபார்மேட் செய்யும் அன்றே தீர்மானமாகிவிடும். சாதாரணமாக ஃபார்மேட் செய்தால் 16 கேபிக்கு ஒன்று, அதாவது 2 டிபிக்கு 12 கோடி. எந்தக் காலத்திலும் தீராது. ஆனால் டிஸ்கை ஃபார்மேட் செய்து கொடுத்த எஞ்சினியர் பெரிய ஃபைல்களுக்கான ஆப்ஷனைக் கொடுத்திருந்தார். அதில் 4 எம்பிக்கு ஒன்றுதான். 2 டிபிக்குக் கணக்குப் போட்டால் 4,76,000 சொச்சம்.

அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவர் அதிகம் செய்வது சிசிடிவி சர்வர். வீடியோவுக்கு அந்த ஆப்ஷன் ரொம்பச் சரி. இந்த டிஸ்கில் போகப்போவது வீடியோவா, சின்னச் சின்ன ஃபைல்களா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

1,40,000 ஆவணம்தானே, எப்படி 4,76,000 தீர்ந்தது? ஒரு வேர்டு ஃபைலையோ டிஃப் படத்தையோ ஏற்றினால் ஆல்ஃப்ரெஸ்கோ அதைத் திரையில் காட்டுவதற்காக ஒரு பிரிவியூ, ஃபோல்டரில் காட்டுவதற்கு ஒரு குட்டிப் படம் என்று, யாராவது பார்க்கும்போது தானாகவே இரண்டு செய்து வைத்துக்கொள்ளும். ஒன்று மூன்றாகிவிடும். அதோடு வருடம், மாதம், நாள், மணி, நிமிடம் என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போட்டுத்தான் சேமிக்கும். நிமிடத்துக்கு ஒரு ஃபோல்டர், அதற்கும் ஒரு ஐநோடு. ஜூனில் ஏற்றி முடித்தபோது இடித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். மக்கள் ஃபோல்டர்களைத் திறந்து பார்க்கப் பார்க்கத்தான் குட்டிப் படங்கள் பெருகின. இரண்டு மாதம் கமுக்கமாக ஏறிக்கொண்டே வந்து ஒரு திங்கட்கிழமை முட்டிக்கொண்டு நின்றது.

இஎக்ஸ்டி4-இல் ஐநோடு விகிதத்தை அப்புறம் மாற்ற வழியில்லை, திரும்ப ஃபார்மேட் செய்யத்தான் வேண்டும். இரண்டு 4 டிபி டிஸ்க் வாங்கி, ஒன்றுக்கொன்று கண்ணாடியாக வைத்து, எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறு ஃபைல் சிஸ்டம் போட்டு, ஒரு சனிக்கிழமை இரவு முழுக்க உட்கார்ந்து நகர்த்தினோம். எக்ஸ்எஃப்எஸ் தேவைப்படும்போது ஐநோடை உண்டாக்கிக்கொள்ளும். (4 டிபி என்று வாங்கியது 3.6 என்றுதான் காட்டியது. "மிச்சம் எங்கீங்க?" என்று மேனேஜர் கேட்டார். கம்பெனிக்காரன் ஆயிரத்தால் பெருக்குகிறான், கம்ப்யூட்டர் 1024-ஆல் வகுக்கிறது என்று விளக்கினேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.)

இந்தப் புது டிஸ்க் வாங்கும்போதுதான், மார்ச்சில் செய்திருக்க வேண்டியதை ஆகஸ்டில் செய்தேன். ரெக்கார்டு ரூமுக்குப் போனேன்.

ரெக்கார்டு ரூமைப் பார்த்துக்கொண்டவருக்கு வயது அறுபதை ஒட்டி இருக்கும். எல்லோருக்கும் அண்ணா. கம்ப்யூட்டர் பக்கமே வரமாட்டார். "அண்ணா, மொத்தம் எவ்வளவு பேப்பர் இருக்கும்?" என்றேன். யோசிக்கவே இல்லை. "நாப்பத்திரெண்டு ராக்குங்க தம்பி. ராக்குக்குப் பதினாறு பண்டல். பண்டலுக்கு நாலு ஃபைலு. ஃபைலுக்கு நூத்தியிருவது பக்கம் வெச்சுக்கங்க."

அங்கேயே பெருக்கினேன். 3,22,560 பக்கம்.

ஏ4 தாளை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 2480க்கு 3508 புள்ளி. வண்ணத்தில் ஒரு புள்ளிக்கு மூன்று பைட், ஆக சுருக்காத படம் 26 எம்பி. ஜேபெக்காகச் சுருக்கினால் பக்கத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி. கறுப்பு வெள்ளையாக எடுத்து ஃபேக்ஸ் முறையில் சுருக்கினால் 50 கேபி போதும். அதாவது அண்ணாவின் 3.2 லட்சம் பக்கம் வண்ணத்தில் 320 ஜிபி, கறுப்பு வெள்ளையில் 16 ஜிபி. இருபது மடங்கு வித்தியாசம். எங்கள் ஸ்கேனர் ஆபரேட்டர் மெஷினில் இருந்த செட்டிங்கைத் தொடாமல் அத்தனையையும் வண்ணத்தில் எடுத்திருந்தார். டெஸ்ட் சர்ட்டிஃபிகேட்டில் முத்திரை இருக்கிறது, டிராயிங்கில் சிவப்புப் பேனாத் திருத்தம் இருக்கிறது, அவற்றுக்கு வண்ணம் வேண்டும்தான். பர்ச்சேஸ் ஆர்டருக்கு எதற்கு? சர்வர் அளவைத் தீர்மானித்தது கடைசியில் ஸ்கேனரில் இருந்த ஒரு பட்டன்.

அண்ணா அடுத்துச் சொன்னதுதான் எரிச்சலைக் கிளப்பியது. "இதுல பதினொரு ராக்கு கழிக்க வேண்டியதுங்க. வருசம் தாண்டிப் போச்சு." கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களையும் வவுச்சர்களையும் எட்டு நிதியாண்டு வைத்திருந்தால் போதும். ஜிஎஸ்டி கணக்கு என்றால், ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம். கழிக்க வேண்டிய பதினொரு ராக்கையும் சேர்த்து, பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ஸ்கேன் செய்திருக்கிறோம்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேண்ணா?"

"நீங்க கேக்கலீங்களே தம்பி."

ஸ்டோரேஜ் கணக்கில் இன்னொன்றையும் நான் விட்டிருந்தேன். ஆல்ஃப்ரெஸ்கோ ஒரு ஃபைலின் ஒவ்வொரு வெர்ஷனையும் முழு ஃபைலாகவே வைக்கும், மாறிய பகுதியை மட்டும் அல்ல. 15 எம்பி டிராயிங்கை டிசைன் பையன் பன்னிரண்டு முறை சேவ் செய்தால் 180 எம்பி. அழித்த ஃபைலும் உடனே போகாது. குப்பைத்தொட்டியிலிருந்தும் நீக்கியபின் 14 நாள் கழித்துத்தான் அதைத் தொடும். இந்த மாதிரிக் குணங்களை மென்பொருளின் கையேட்டைப் படித்துவிட்டுத்தான் டிஸ்க் கணக்குப் போட வேண்டும், ஏனென்றால் மென்பொருளுக்கு மென்பொருள் இது மாறும். இதே வேலைக்கான மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயிண்ட் எடுத்துக்கொண்டால் ஃபைல்கள் எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே டேட்டாபேஸ் ஒன்றை 200 ஜிபிக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது மைக்ரோசாஃப்ட். 2019 வெர்ஷனுக்குக் குறைந்தது 16 ஜிபி ராம் வேண்டும், சிஸ்டம் டிரைவில் 80 ஜிபி வேண்டும். அதற்குப் போடும் கணக்கு வேறு மாதிரி.

ஆல்ஃப்ரெஸ்கோவில் ஒரு ஆவணம் மூன்று இடத்தில் வாழ்கிறது. பெயர், தேதி, யாருடையது என்பதெல்லாம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில். ஃபைல் தனியாக ஒரு ஃபோல்டர் மரத்தில். அதற்குள் இருக்கும் சொற்கள், தேடுவதற்காக, சோலர் என்ற தேடல் மென்பொருளின் இண்டெக்ஸில். மூன்றுக்கும் மூன்று விதமான டிஸ்க் தேவை. ஃபைல் இருக்கும் இடம் மெதுவாக இருந்தாலும் பரவாயில்லை, பெரிதாக இருக்க வேண்டும். டேட்டாபேஸும் இண்டெக்ஸும் சின்னதுதான், ஆனால் விடாமல் துண்டு துண்டாக எழுதிக்கொண்டே இருக்கும். ரெய்டு 5-இல் ஒரு சின்ன எழுத்துக்குப் பழைய டேட்டாவைப் படி, பழைய பேரிட்டியை (டிஸ்க் கெட்டால் மீட்க வைத்திருக்கும் கணக்கை) படி, புதிதை எழுது, பேரிட்டியை எழுது என்று நான்கு வேலை. 7200 ஆர்பிஎம் டிஸ்க் நொடிக்கு எண்பது வேலை செய்தால் பெரிது. மூன்று டிஸ்குக்கு 240, நான்கால் வகுத்தால் நொடிக்கு அறுபது எழுத்து. அறுபது பேர் வேலை செய்யும் ஆபீஸ். டேட்டாபேஸையும் இண்டெக்ஸையும் இரண்டு எஸ்எஸ்டிக்கு மாற்றிய அன்று "புது சர்வருங்களா?" என்று கேட்டார்கள்.

ராம் விஷயத்தில் தப்பு முழுக்க என்னுடையது. 32 ஜிபி இருக்கிறதே என்று ஆல்ஃப்ரெஸ்கோவை ஓட்டும் ஜாவாவுக்கு 24 ஜிபியைத் தூக்கிக் கொடுத்தேன். போஸ்ட்கிரெஸுக்கு வேண்டும், வேர்டு ஃபைலைப் பிடிஎஃப் ஆக்கப் பின்னால் ஓடும் லிப்ரே ஆஃபிஸுக்கு வேண்டும், இண்டெக்ஸைக் கையருகே வைத்துக்கொள்ள சர்வரின் ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸுக்கே வேண்டும். இவை எதுவும் ஜாவாவின் பங்கிலிருந்து எடுத்துக்கொள்ளாது. நினைவகம் தீர்ந்துபோன ஒரு மதியம் லினக்ஸ் இருப்பதிலேயே பெரிய ஆளாகப் பார்த்து ஜாவாவைக் கொன்றுவிட்டது. அப்புறம் ஆல்ஃப்ரெஸ்கோவுக்கு 8, சோலருக்கு 4, போஸ்ட்கிரெஸுக்கு 4 என்று பிரித்து, மிச்சத்தை லினக்ஸுக்கு விட்டேன். அதற்குப்பின் அந்தத் தொல்லை இல்லை.

ஹார்டுவேர் எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஒரு மென்பொருளின் எண்ணும் இன்னொன்றின் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் எல்லாம் நின்றுபோகும். ஆல்ஃப்ரெஸ்கோ டேட்டாபேஸோடு 275 இணைப்புகள் வரை திறக்கும்படி வருகிறது. போஸ்ட்கிரெஸைத் தனியாக நிறுவினால் அது 100க்கு மேல் அனுமதிக்காது. காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் ஒரே சமயத்தில் நுழையும்போது மட்டும் எர்ரர், பத்து மணிக்குத் தானாகச் சரியாகிவிடும். மூன்று நாள் நெட்வொர்க் கேபிளைச் சந்தேகப்பட்டேன். போஸ்ட்கிரெஸில் அந்த எண்ணை 300 ஆக்கியதும் தீர்ந்தது. லினக்ஸில் ஓடும் ஒரு புரோகிராம் ஒரே நேரத்தில் திறக்கக்கூடிய ஃபைல்கள் 1024 என்றிருக்கும், அதையும் 8192 ஆக்கிவிடுங்கள். அடுத்த வருடம் சோதனைக்கு இன்னொரு மெஷினில் உபுண்டு 18.04 லினக்ஸ் போட்டு, அது கொடுத்த ஜாவா 11-ஐ அப்படியே வைத்துக்கொண்டு 5.2-ஐ ஏற்றினேன். எழவே மறுத்தது. அதற்கு ஜாவா 8 வேண்டும். எந்த வெர்ஷனுக்கு எந்த ஜாவா, எந்த டேட்டாபேஸ் என்ற பட்டியல் கையேட்டிலேயே இருக்கிறது, முதலில் அதைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது.

தமிழில் ஃபைல் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக இரண்டு விஷயம்.

பழைய ஃபைல்களை மொத்தமாக ஏற்ற, முதலில் அவற்றை சர்வரின் டிஸ்குக்குக் காப்பி செய்ய வேண்டும். விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குக் காப்பி செய்தபோது எச்ஆர் ஃபோல்டரில் சில ஃபைல்கள் வரவே இல்லை, பெயர் நீளம் என்றது. "2014 முதல் 2017 வரை தொழிலாளர் நலச் சங்கத்துடன் செய்துகொண்ட ஊதிய உயர்வு ஒப்பந்தம் இறுதி நகல் கையொப்பம் இட்டது" என்று ஒரு பெயர். பிடிஎஃப் என்ற பின்னொட்டோடு சேர்த்து விண்டோஸ் கணக்கில் 112 எழுத்து, அங்கே 255 வரை போகலாம். லினக்ஸிலும் எல்லை 255தான், ஆனால் அது பைட் கணக்கு. யூனிகோடில் தமிழ் எழுத்துக்கு மூன்று பைட், கொம்பும் புள்ளியும் தனித்தனியாக மூன்று மூன்று. அந்தப் பெயர் 284 பைட். கெட்டியாகத் தமிழில் பெயர் வைக்கும் ஆபீஸ்களில் இதை முதலிலேயே சோதித்துப் பார்த்துவிடுங்கள். ஆங்கிலத்தில் எழுதிய எந்த வழிகாட்டியிலும் நான் இதைப் பார்த்ததில்லை, அவர்களுக்கு முட்டியிருக்காது.

இரண்டாவது, பழைய எழுத்துருக்கள். 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றதற்கு முன்னால் அடித்த கடிதங்கள், அதற்குப் பின்னால் பல வருடம் பழக்கதோஷத்தில் அடித்தவை எல்லாம் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கும். திரையில் தமிழ், ஃபைலுக்குள் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். சோலர் அதை அப்படியே இண்டெக்ஸ் செய்துவிடும், "ஒப்பந்தம்" என்று தேடினால் ஒன்றும் வராது. ஏற்றுவதற்கு முன் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். ஸ்கேன் செய்த தமிழ்ப் பக்கங்களைத் தேட வேண்டுமென்றால் டெசராக்ட் மாதிரி, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருள் ஏதாவது வைத்து எழுத்தாக்க வேண்டும், அது பிராசஸரைத் தின்னும் வேலை. ராத்திரியில் தனி மெஷினில் ஓட்டுங்கள்.

கரண்ட் கதையும் ஒன்று உண்டு. சர்வருக்கு யூபிஎஸ் இருந்தது. அதே யூபிஎஸ்ஸில் கணக்குப் பிரிவின் எட்டு கம்ப்யூட்டர்களும், யாரோ மாட்டிய ஒரு ஃபேனும் இருந்தன. ஒருநாள் ஜெனரேட்டர் கிளம்பத் தாமதமானதும் சர்வர் பட்டென்று அணைந்தது. போஸ்ட்கிரெஸ் தன்னைத் தானே சரிசெய்துகொண்டது. இண்டெக்ஸ் கெட்டுவிட்டது, மறுபடி உருவாக்க இரண்டு நாள் ஆனது, அதுவரை தேடினால் பாதிதான் கிடைத்தது. இப்போது சர்வருக்குத் தனி யூபிஎஸ், அதிலிருந்து சர்வருக்கு ஒரு கேபிள். பேட்டரி குறைந்தால் சர்வர் முறைப்படி தானே மூடிக்கொள்ளும்.

பேக்கப்பில் வரிசை முக்கியம்: முதலில் இண்டெக்ஸ், அடுத்து டேட்டாபேஸ், கடைசியில் ஃபைல்கள். ஃபைல்களை முதலில் எடுத்துவிட்டு டேட்டாபேஸை அப்புறம் எடுத்தால், இடையில் ஏறிய ஆவணங்களுக்குப் பெயர் இருக்கும், ஃபைல் இருக்காது. மாற்றி எடுத்தால் பெயரில்லாத சில ஃபைல்கள் கூடுதலாகக் கிடக்கும், அதனால் கெடுதல் இல்லை. ரெய்டு இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று கேட்ட மேனேஜரிடம், யாராவது ஒரு ஃபோல்டரை அழித்தால் ரெய்டு அதை எல்லா டிஸ்கிலும் ஒழுங்காக அழித்துக் கொடுக்கும் என்றேன். மறுநாளே வெளி டிஸ்க் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

2022 மார்ச்சில் அதே மேனேஜர் கூப்பிட்டார். இரண்டாவது யூனிட்டுக்கும் போட வேண்டுமாம். "கொட்டேஷன் வாங்கிட்டேனுங்க, 31ஆம் தேதிக்குள்ள..." என்று ஆரம்பித்தார். பில் போடும் முன் எனக்கு அரை நாள் கொடுங்கள், கூட ரெக்கார்டு ரூம் அண்ணாவும் வேண்டும் என்றேன். அவர் ரிட்டயர்டு ஆகி ஒரு வருடம் ஆகியிருந்தது. கம்பெனி வண்டி அனுப்பிக் கூட்டிவந்தார்கள்.

யூனிட்டின் பின்பக்கம் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து விளக்கைப் போட்டோம். நான் நோட்டை எடுத்து ராக்குகளை எண்ண ஆரம்பித்தேன். அண்ணா ஒரு ராக்கின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "பதினாறுன்னு போடாதீங்க தம்பி, இது அகலமான ராக்கு, இருவது பண்டல் புடிக்கும்" என்றார்.